நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்?

கேள்வி: போன நவம்பரில் லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனோம். இறங்கிய இரண்டாம் நாளே ரை என்ற ஊரில், மெர்மெய்டு இன் என்ற பழைய விடுதியில் முதலாம் எண் அறையில் மகளுடன் தங்கினேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. கை கால் அசையவில்லை, நெஞ்சில் பாரம். கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் வெளிறிய உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலையில் பார்த்தால், அதே நாற்காலியில் போட்டிருந்த என் ஸ்வெட்டர் ஈரம். ஊர் திரும்பிய பிறகும் இரண்டு தடவை அதேபோல் அமுக்கியது. கூடவே வந்துவிட்டதா? மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார், கணவர் சிரிக்கிறார்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் கணவர் சிரிக்க இதில் ஒன்றுமில்லை. உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பெண்ணையும் ஈர ஸ்வெட்டரையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த மூன்று மணி. நவம்பரில் இங்கிலாந்து நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே மூன்று என்றால் உங்கள் உடம்புக்குக் காலை எட்டரை. கனவு மிகுந்த தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம் வரும். கனவில் ஓடுகிறவர் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி, அந்த நேரத்தில் மூளை தசைகளைச் செயலற்றுப்போக வைக்கும். பயணக் களைப்பும் புது இடமும் சேர்ந்தால் சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், கனவு மட்டும் இன்னும் முடிந்திருக்காது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் வேலை செய்தாலும் விலாத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சிழுக்க வராது. நெஞ்சில் பாரம் என்று நீங்கள் எழுதியது அதுதான். மருத்துவர்கள் தூக்க முடக்கம் என்பார்கள், நம் ஊரில் அமுக்குவான் பேய். அறையில் யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு பல சமயம் அதோடு சேர்ந்தே வரும். ஓரிரு நிமிடத்தில் விலகிவிடும், உயிருக்கு ஆபத்தில்லை.

ஏன் ஒரு பெண், ஏன் அந்த நாற்காலி? அந்த விடுதியின் நிலவறை 1156ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மேல்கட்டடம் 1420இல் திரும்பக் கட்டப்பட்டது. 1730, 40களில் ஹாக்ஹர்ஸ்ட் கடத்தல் கும்பல் அங்கே கூடியது. அறைக்கு ஒரு கதை உண்டு. முதலாம் அறைக்கு உரியது, வெள்ளை அல்லது சாம்பல் உடையில் கணப்பருகே உட்காரும் பெண். அந்த நாற்காலியில் போட்ட துணி காலையில் நனைந்திருக்கும். நீங்கள் எழுதியதோடு அச்சாகப் பொருந்துகிறது. இந்தக் கதையைப் படுக்கும் முன் கேட்டீர்களா, காலையிலா? கடிதத்தில் அது இல்லை, ஆனால் எனக்கு முக்கியம் அதுதான். முன்பே கேட்டிருந்தால் கனவுக்கு உருவம் தயாராக இருந்திருக்கிறது. காலையில்தான் கேட்டீர்கள் என்றால் நான் இந்த வழக்கை அவ்வளவு சீக்கிரம் மூட மாட்டேன். இன்றே எழுதி வையுங்கள்: முகம் தெரிந்ததா, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள், கதை காதில் விழுந்தது எப்போது. மகளையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் முதலில் படிக்கக் கூடாது.

இனி ஸ்வெட்டர். 20 டிகிரி செல்சியஸ் அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பொருளிலும் நீர் படியும். நெருப்பு மூட்டாத பழைய புகைபோக்கி வழியாகக் குளிர்காற்று இறங்கும், அதன் வாயிலில் இருக்கும் துணி அறையிலேயே அதிகம் குளிர்ந்துபோகும். நன்றாகக் குளிர்ந்த கம்பளி, ஈரமே இல்லாவிட்டாலும் தொட்டால் ஈரம்போலத் தோன்றும். பிழிந்தால் சொட்டியதா, சில்லென்று இருந்ததா? சொட்டியது என்றால் நான் சொல்லும் காரணம் போதாது. கூரைக் கசிவையும் புகைபோக்கி வழி இறங்கும் மழையையும் பார்க்க வேண்டும்.

மறுபடி போக நேர்ந்தால் ஒரே மாதிரி இரண்டு பருத்தித் துண்டுகளையும் சமையலறைத் தராசையும் கொண்டுபோங்கள். எடை பார்த்து ஒன்றை நாற்காலியிலும் மற்றதை அறை நடுவிலும் போட்டு, காலையில் திரும்ப நிறுங்கள். நாற்காலித் துண்டு மட்டும் கனத்திருந்தால், மறுநாள் நாற்காலியை மூன்று அடி தள்ளிப் போட்டுப் பாருங்கள். பேய் தேடுகிறவர்கள் விரும்பி வாங்கும் அகச்சிவப்பு வெப்பமானி இதற்கு உதவாது. அது காற்றின் குளிரை அளக்காது, குறிவைத்த சுவரின் குளிரைத்தான் காட்டும்.

அன்று காலை தலைவலியோ குமட்டலோ இருந்ததா? இருந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சு வாயுவையும் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் காலடிச் சத்தமும் உருவங்களும் என்று தவித்த ஒரு குடும்பத்துக்குப் வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து வந்த அந்த வாயுதான் காரணம் என்று அமெரிக்கக் கண் மருத்துவர் வில்மர் 1921இல் எழுதினார். கணப்புள்ள அறையில் தங்கும்போது கைக்கு அடக்கமான கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

கூடவே எதுவும் வரவில்லை. திரும்பி வந்ததும் தூக்க நேரம் மறுபடி புரண்டிருக்கிறது, அவ்வளவே. மல்லாந்து படுக்காதீர்கள், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். படுக்கும், எழும் நேரத்தை இரண்டு வாரம் மாற்றாதீர்கள். அமுக்கும்போது முழு உடம்பையும் உதறிப் போராடினால் பயம்தான் கூடும். கால் கட்டை விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். நீங்கள் முனகினால் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும் என்று கணவரிடம் சொல்லி வையுங்கள்.

மாமியார் மனம் நிம்மதியடையும் என்றால் திருநீறு பூசிக்கொள்ளுங்கள். பணம் கேட்கும் பரிகாரம் எதற்கும் போகாதீர்கள். பகலில் அடக்க முடியாத தூக்கமோ, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தொய்வதோ இருந்தால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அது நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு.