கேள்வி பதில்: வீட்டுப் பட்டறையில தூசியை எப்படி அடக்குறது?

கேள்வி: அண்ணா, வீட்ல ஒரு சின்ன ரூம்லதான் மரவேலை செய்யறேன், மரத்தைத் தேய்க்கிற சாண்டர், ஓரமும் பள்ளமும் வெட்டுற ரவுட்டர், சின்னதா ஒரு டேபிள் சா (மேஜை ரம்பம்) இருக்கு. வேலை முடிஞ்சதும் நல்லா கூட்டிடறேன், துணி மாஸ்க்கும் போடறேன், ஆனாலும் மறுநாள் காலைல மூக்கு அடைச்சிருக்கு, எல்லாத்து மேலயும் மறுபடி மாவு மாதிரி படிஞ்சிருக்கு. பெரிய டஸ்ட் கலெக்டர் வாங்கினாதான் தீருமா?

பதில்: வேண்டியதில்ல தம்பி. மொதல்ல கூட்டுறதை நிறுத்துங்க. காலைல படிஞ்சிருக்கிறது வேற எதுவும் இல்ல, நைட்டு நீங்க விளக்குமாறால கிளப்பி விட்டதுதான் மெதுவா எறங்கியிருக்கு. சீவலும் பெரிய தூளும் அப்பவே தரைல விழுந்துடும், அதால நுரையீரலுக்குப் பெருசா ஒண்ணுமில்ல. 10 மைக்ரானுக்குக் கீழ (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கிற நைஸ் தூள்தான் மணிக்கணக்கா காத்துல நிக்கும், மூச்சோட ஆழமா உள்ள போகும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995லயே மரத்தூளை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்கள் பட்டியல்ல சேர்த்துடுச்சு, முக்கியமா மூக்குக்குள்ளயும் சைனஸ்லயும் வர்றது. வருஷக்கணக்கா தினமும் தூசில நின்னவங்களுக்குத்தான் அந்த ரிஸ்க் அதிகம், பயந்து வேலையை விட்டுடாதீங்க, ஆனா லேசாவும் எடுத்துக்காதீங்க.

தூசி கிளம்புற இடத்துலயே பிடிச்சாதான் உண்டு, காத்துல கலந்த பிறகு அதைத் துரத்துறது ரொம்பக் கஷ்டம். உங்ககிட்ட இருக்கிற மெஷினுக்கு ஒரு நல்ல ஷாப் வேக்கம், அதாவது பட்டறைக்குன்னு வர்ற வேக்கம் கிளீனர், போதும். அதுக்கு இழுக்குற சக்தி அதிகம், சின்ன ஹோஸ்லயும் நல்லா இழுக்கும், அதனால சாண்டருக்கும் ரவுட்டருக்கும் அதுதான் சரி. டஸ்ட் கலெக்டர் நிறைய காத்தை 4 இன்ச் பைப் வழியா இழுக்குற மெஷின், மரத்தை இழைக்கிற பிளேனர், பெரிய டேபிள் சா இதுக்கெல்லாம் சரி, அதைக் கொண்டுபோய் சாண்டரோட சின்ன ஓட்டைல குறுக்கி மாட்டினா காத்தே போகாது.

சாண்டர்ல ஒரு விஷயம் பாருங்க, உப்புத்தாள் பேப்பர்ல இருக்கிற ஓட்டையும் அதை ஒட்டுற பேட்ல இருக்கிற ஓட்டையும் நேரா உக்காரணும். கொஞ்சம் தள்ளி ஒட்டிட்டா வேக்கம் ஓடிட்டே இருக்கும், தூள் மட்டும் பேப்பருக்கும் மரத்துக்கும் நடுவுல மாட்டிக்கும், பேப்பரும் சீக்கிரம் அடைச்சுப் போயிடும். சாண்டரை நிறுத்தின பிறகும் வேக்கத்தை கொஞ்ச நேரம் ஓட விடுங்க. டேபிள் சால கீழ மட்டும் ஹோஸ் மாட்டினா பத்தாது, பிளேடு மேல்பக்கமா உங்க முகத்தைப் பாத்துதான் தூளை வீசும், பிளேடை மேல மூடுற கார்டுலயும் ஒரு ஹோஸ் வச்சா நிறைய வித்தியாசம் தெரியும்.

வேக்கத்துல ஹெபா ஃபில்டர் போடுங்க, 0.3 மைக்ரான் அளவுத் தூள்ல 99.97 சதவீதம் நிக்கும். சாதா ஃபில்டர்னா நைஸ் தூளை இந்தப் பக்கம் இழுத்து அந்தப் பக்கம் ரூமுக்குள்ளயே ஊதிடும். ஃபில்டர் அடைச்சா இழுவை குறைஞ்சிடும், அதனால மெஷினுக்கும் வேக்கத்துக்கும் நடுவுல, காத்தைச் சுழட்டித் தூளைப் பிரிக்கிற ஒரு சைக்ளோன் டப்பா வச்சீங்கன்னா பெரும்பாலான தூள் அதுலயே விழுந்துடும். துணி மாஸ்க் இதுக்கு உதவாது, என்95 வேணும், தாடி இருந்தா ஓரத்துல காத்து புகுந்துடும். மெஷினை ஆஃப் பண்ண உடனே மாஸ்க்கைக் கழட்டாதீங்க, அப்பதான் காத்துல தூசி நிறைய இருக்கு. நம்பலைன்னா லைட்டை அணைச்சிட்டு ஒரு டார்ச்சை சைடுல இருந்து அடிச்சுப் பாருங்க.

கேள்வி: நான் எம்டிஎஃப்ல (மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்யற போர்டு) ரவுட்டர் வேலைதான் அதிகம் செய்யறேன் அண்ணா. மேல ஏர் ஃபில்டர் ஒண்ணு தொங்கவிட்டா போதும்ங்கறாங்க, சரியா?

பதில்: அது மட்டும் போதாதும்மா. மேல தொங்குற ஃபில்டருக்குத் தூசி போய்ச் சேர்றதுக்குள்ள உங்க மூக்கைத் தாண்டித்தான் போகும். மிச்சத்தை அள்ள அது நல்லது, அதுவும் வேலை முடிஞ்சு ஒரு மணி நேரமாவது ஓட விடணும். எம்டிஎஃப் தூள் ரொம்ப நைஸ், அதோட பெரும்பாலும் ஃபார்மால்டிஹைட் சேர்ந்த பசைலதான் அந்த போர்டை செய்யறாங்க, அதனால முடிஞ்சவரை வெளில வச்சு வெட்டுங்க, முடியலைன்னா ஜன்னல்ல ஃபேனை வெளிப்பக்கமா ஊதுற மாதிரி வச்சு, எதிர்ப்பக்கம் கதவைத் திறந்து வைங்க. டிரெஸ்ல இருக்கிற தூளை ஏர் கன்னால அடிக்காம வேக்கத்தால இழுத்துட்டு வீட்டுக்குள்ள போங்க, குழந்தைங்க இருந்தா இது ரொம்ப முக்கியம்.

கேள்வி: வேக்கம் ஹோஸ்ல கை வச்சா சுருக்குன்னு ஷாக் அடிக்குது, தீப்பிடிக்குமா?

பதில்: அது ஸ்டாட்டிக் கரண்ட், தூள் பிளாஸ்டிக்ல உரசி வர்றது. ஆன்ட்டி ஸ்டாட்டிக் ஹோஸும் அதுக்கேத்த எர்த் உள்ள வேக்கமும் இருந்தா நின்னுடும். வீட்டு அளவுல அதைவிட நான் பயப்படறது வேற: இரும்பு கிரைண்டிங் பொறியை மரத்தூள் இருக்கிற வேக்கத்துல இழுக்கவே கூடாது, பொறி தூளுக்குள்ள வெளில தெரியாம கனிஞ்சு பல மணி நேரம் கழிச்சுக்கூட பத்திக்கும். இரும்புக்குத் தனி வேக்கம், மரத்துக்குத் தனி வேக்கம் வச்சுக்கோங்க, தூள் டப்பாவை நைட்டு உள்ள விடாம அன்னைக்கே காலி பண்ணிடுங்க.