கியூஎல்இடி டிவிக்கு 900 வெள்ளி கூடக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, தீபாவளிக்குள் 55 அங்குல டிவி வாங்க நினைக்கிறோம். டவுன் கடையில் சாதாரண எல்இடி 1,900 வெள்ளி, கியூஎல்இடி 2,800 வெள்ளி. "உள்ளே குவாண்டம் டாட் இருக்கு, கலர் உயிரோட தெரியும்" என்கிறார் கடைக்காரர். அதில் விஷம் இருக்கிறது என்று மகன் தடுக்கிறான். எங்கள் முன்ஹால் மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் வெயில் கொட்டும். என்ன செய்யலாம்?
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, குவாண்டம் டாட் என்பது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. சில நானோமீட்டரே அகலமுள்ள குறைகடத்திப் படிகம் அது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். காட்மியம் செலினைடு படிகம் 2 நானோமீட்டர் அளவில் நீலமாக ஒளிரும். அதே பொருள் 6 நானோமீட்டருக்கு வளர்ந்தால் சிவப்பு. எல்லாவற்றையும் ஒரே அளவில் எடுப்பதுதான் கஷ்டம். 1993-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் மௌங்கி பவெண்டியின் குழு, நன்றாகச் சூடேறிய கரைப்பானில் மூலப்பொருளை ஒரே வீச்சில் செலுத்தி, படிகம் முளைத்ததும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி அதைச் சாதித்தது. அதிரசப் பாகு காய்ச்சும் உங்களுக்குப் பதம் தெரியும். இங்கே பதம் தப்பினால் நிறமே மாறிவிடும். 2023-ல் அவருக்கும், குவாண்டம் டாட்டைக் கண்டுபிடித்த லூயி புரூஸ், அலெக்ஸி எக்கிமோவ் இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

டிவிக்குள் பின்னாலிருந்து நீல எல்இடி எரியும். டாட் பூசிய தாள் அதில் ஒரு பகுதியைச் சுத்தமான பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றும். நிறம் தெளிவாவது இதனால்தான். வெளிச்சத்தைக் கொடுப்பது மட்டும் பின்விளக்கு. உங்கள் ஹாலுக்கு வேண்டியது அந்த வெளிச்சம்தான். இரண்டு செட்டுக்கும் எத்தனை நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்று கேளுங்கள். கியூஎல்இடி கூடுதலாக இல்லையென்றால் 900 வெள்ளியை மிச்சம் பிடித்து, ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிப் போடுங்கள் என்பேன்.

பெட்டியில் 'கியூ' எழுத்து இருந்தால் மட்டும் நம்பாதீர்கள். விவரத்தாளில் 'குவாண்டம் டாட்' என்று இருக்க வேண்டும். கடையில் படம் பளபளவென்று வைத்திருப்பார்கள். அதைச் சாதாரண மோடுக்கு மாற்றச் சொல்லி, நீங்களே கைப்பேசியில் எடுத்த தைப்பூச வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். காவடியின் மயிலிறகும் மஞ்சள் சேலையும் உங்களுக்குப் பழகிய நிறங்கள், கண் ஏமாறாது.

மகன் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. காட்மியம் நச்சுதான். ஐரோப்பிய ஒன்றியம் மின்பொருள்களில் அதற்குப் பொதுவாக 0.01 விழுக்காடு வரம்பு வைத்திருக்கிறது. காட்மியம் இல்லாமல் இண்டியம் பாஸ்பைடில் செய்த டாட்களும் உண்டு. எது என்று கேட்டு வாங்குங்கள். தாள் இரு பக்கமும் மூடி ஒட்டியிருப்பதால் பார்ப்பவருக்கு ஆபத்து இல்லை. கெட்டுப்போன டிவியை மட்டும் லயன் வீட்டுக்குப் பின்னால் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிடாதீர்கள். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பில்லில் மாடல் எண்ணோடு 'குவாண்டம் டாட்' என்றும் எழுதி வாங்குங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி; 50,000 வெள்ளி வரை கோரலாம்.