தூணுக்குப் பின்னால் ஒரு டிக்கெட்

போன மாதம் யாரோ பொறுமையைப் பற்றிக் கேட்டதற்கு, "பாஸ்டனில் இருந்த 19 வருஷத்தில் நான் பொறுமை கற்றுக்கொண்டது கோயிலில் இல்லை, ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தில்" என்று ஒரு வரி எழுதிவைத்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். பேஸ்பால் வேண்டாதவர்கள் நேராகச் சமையல் பக்கத்துக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அமெரிக்காவில் எத்தனையோ பெரிய மைதானங்கள் இருக்க, அந்த ஒன்றை மட்டும் ஏன் இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள்?
— ஒரு வாசகர், சேலம்

அது பெரிய மைதானமே இல்லை, ஐயா. 38,000 பேருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கொள்ளும். ஆனால் 1912 ஏப்ரல் 20 அன்று திறந்தது. டைட்டானிக் கப்பல் மூழ்கி ஐந்தே நாள் ஆகியிருந்தது. அமெரிக்காவின் முதல்தரப் பேஸ்பால் போட்டியான பெரிய லீக்கில் (மேஜர் லீக்) இன்றைக்கு ஆட்டம் நடக்கும் மைதானங்களில் இதைவிடப் பழையது கிடையாது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் வீடு.

பழசு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அது கோணல். ஏற்கெனவே இருந்த தெருக்களுக்கு நடுவே, கிடைத்த மனையில், அந்த மனையின் வடிவத்துக்கே கட்டிவிட்டார்கள். இடது பக்கம் லேன்ஸ்டவுன் தெரு குறுக்கே வந்துவிட்டது. பேட்டரிலிருந்து அந்த எல்லை 310 அடிதான். இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் சொத்தைப் பந்தெல்லாம் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) ஆகிவிடுமே! அதனால் அங்கே 37 அடி உயரத்துக்கு ஒரு சுவர் நிற்கிறது. 1947-இல் விளம்பரங்களை அழித்துவிட்டுப் பச்சை அடித்தார்கள். பெயர் கிரீன் மான்ஸ்டர், பச்சை ராட்சசன்.

அந்தச் சுவர்தான் ஆட்டத்தையே மாற்றுகிறது. மற்ற ஊரில் ஹோம் ரன்னாகப் போயிருக்க வேண்டிய தாழ்ந்த, வேகமான அடி இங்கே சுவரில் மோதித் திரும்பி வரும். மற்ற ஊரில் கேட்சாகியிருக்க வேண்டிய தூக்கியடித்த பந்து இங்கே சுவரைத் தாண்டிப் போய்விடும். உள்ளூர் வீரன் சுவரில் பட்ட பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று மனப்பாடமாக வைத்திருப்பான். வந்த அணிக்காரன் முழிப்பான். சுவரில் ஓர் இரும்பு ஏணிகூட உண்டு. ஒரு காலத்தில் மேலே வலை இருந்தது, அதில் விழுந்த பந்துகளை எடுப்பதற்காக வைத்த ஏணி. வலையை எடுத்தாகிவிட்டது, ஏணி மட்டும் நிற்கிறது. பந்து அதில் பட்டால் எங்கே போகும் என்று உள்ளூர்க்காரனுக்கும் தெரியாது.

சுவரின் அடியில் ஸ்கோர் பலகை. உள்ளே ஆட்கள் உட்கார்ந்துகொண்டு கையால் எண் தகடுகளை மாட்டுகிறார்கள், இப்போதும். 2005-இல் மேனி ரமிரெஸ் என்ற ஆட்டக்காரர் நடு ஆட்டத்தில் அந்தப் பலகைக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். பந்துவீச்சு தொடங்கப்போகிற நேரத்தில் அவசரமாக வெளியே ஓடிவந்தார். ஊரே சிரித்தது.

மகன் பாஸ்டனில் இருக்கிறான். ஆகஸ்டில் நாங்கள் போகிறோம். "அப்பா, ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன்" என்கிறான். எனக்கு 68 வயது. ஒன்றும் புரியாமல் மூன்று மணி நேரம் உட்கார முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

தாராளமாகப் போங்கள், சார். 2023-இலிருந்து பந்து வீசுகிறவருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். முன்னைப்போல் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே நிற்க முடியாது. பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்தில் வீடு திரும்பலாம்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: தூண். என் முதல் ஆட்டத்துக்கு, விலை குறைவாக இருக்கிறதே என்று, கூரைக்குக் கீழே ஓர் இடம் பிடித்தேன். பார்வை மறைக்கும் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது, படிக்காதது நான். போய் உட்கார்ந்தால் எனக்கும் பந்து வீசுகிறவருக்கும் நடுவே ஓர் இரும்புத் தூண். கழுத்தை இடப்பக்கம் சாய்த்தால் பேட்டர், வலப்பக்கம் சாய்த்தால் பந்து. தாலாட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே பார்த்தேன்.

அந்தத் தூணால்தான் எனக்கு ஆட்டம் புரிந்தது. பக்கத்தில் எழுபது வயசுக்குமேல் ஓர் அம்மா. மடியில் அட்டை, கையில் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் கட்டம் கட்டமாக ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். நான் எட்டி எட்டிப் பார்த்ததில் அவருக்கே பாவமாகிவிட்டது. களத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு: வீசுகிறவர் 1, அவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிக்கிறவர் 2, முதல் பேஸ்காரர் (அதாவது, ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய முதல் பேஸைக் காப்பவர்) 3, இப்படி. "6-4-3" என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரருக்கு எறிந்தார், அவர் முதல் பேஸுக்கு எறிந்தார், ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் என்று அர்த்தம். அடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட். மூன்றாவதில் பேட்டர் மட்டையை வீசி ஏமாந்தால் ஆங்கில எழுத்து 'கே'. வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும், கண்ணாடியில் பார்த்த மாதிரி. தூண் மறைத்ததையெல்லாம் அந்த அட்டையில் படித்தேன். ஏழாவது இன்னிங்ஸில் பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டுக் காபி வாங்கப் போனார். ஆயுளில் எனக்குக் கிடைத்த பெரிய பதவிகளில் ஒன்று அது.

கிரிக்கெட் தெரிந்தவருக்கு மூன்றே விஷயம் போதும். பந்து தரையில் குத்தாமல் வரும். மைதானம் ஒரு விசிறி மாதிரி; விசிறிக்கு வெளியே அடித்தால் ரன் இல்லை, அதனால் நம் லேட் கட்டுக்கும் கிளான்ஸுக்கும் அங்கே மதிப்பே கிடையாது. மூன்று பேர் அவுட்டானால் ஆள் மாறவேண்டும், அப்படி ஆளுக்கு ஒன்பது தடவை. மற்றதைப் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் சந்தோஷப்படுவார்கள், நிறுத்தமாட்டார்கள், அதுதான் ஆபத்து.

ஆகஸ்ட் பகல் ஆட்டமென்றால் பிளீச்சர் என்கிற கூரையில்லாத இருக்கைகள் வேண்டாம், வெயில் வறுத்துவிடும். கூரைக்குக் கீழே, தூணுக்கு முன் வரிசை கேளுங்கள். வலது கோடி இருக்கைகளையும் தவிருங்கள். அவற்றில் பல ஆடுகளத்தைப் பார்க்காமல் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ராத்திரிக்குக் கழுத்தில் தைலம் தேய்க்க வேண்டிவரும். மர நாற்காலிகள் குறுகல், அந்தக் காலத்து உடம்புக்குச் செய்தவை. கார் எடுக்கவே வேண்டாம், பார்க்கிங் காசில் இன்னொரு டிக்கெட் வாங்கலாம். பச்சை வழி ரயிலில் கென்மோர் நிலையத்தில் இறங்கினால் கூட்டமே உங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றால், ஆட்டம் இல்லாத நேரத்தில் மைதானத்தைச் சுற்றிக்காட்டுகிறார்கள். அந்தச் சுவர் உச்சியில் 2003-இல் போட்ட இருக்கைகளில் நின்று பார்க்கலாம்.

சைவம் கிடைக்குமா?
— வாசகி, மயிலாப்பூர்

வறுத்த வேர்க்கடலை, ஓட்டோடு. உடைத்துத் தோலைக் காலடியிலேயே போடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வெளியே தெருவில் வெங்காயமும் குடைமிளகாயும் வதக்குகிற வாசனை ஆளை இழுக்கும். கிட்டே போகாதீர்கள், அது சாசேஜுக்குப் போகிற வதக்கல்.

யாங்கீஸ் அணியைக் கண்டால் உங்களுக்கு ஏன் அவ்வளவு காட்டம்?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தம்பி, 1918-க்குள் ரெட் சாக்ஸ் ஐந்து முறை உலகத் தொடர், அதாவது பெரிய லீக்கின் இறுதித் தொடர், வென்ற அணி. நியூயார்க் யாங்கீஸ் ஒன்றுகூட வெல்லவில்லை. அப்போது எங்களிடம் பேப் ரூத் என்ற அபார ஆட்டக்காரப் பையன் இருந்தான். அவனை 1919 கடைசியில் ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றார் அணி முதலாளி. அதன்பின் அவர்கள் வென்றுகொண்டே இருந்தார்கள். பாஸ்டனுக்கு 86 வருஷம் ஒன்றும் இல்லை. 1946, 1967, 1975, 1986 — நான்கு முறை இறுதிக்கு வந்து, நான்கு முறையும் கடைசி ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. ரூத்தின் சாபம் என்றார்கள். நான் நம்பவில்லை, ஆனால் மறுக்கவும் தைரியம் இல்லை.

1986-இல் ஆறாவது ஆட்டம். கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி. அங்கிருந்து சரிந்து, கடைசியில் எங்கள் முதல் பேஸ்காரர் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே பந்து உருண்டு போனது. அவர் தலையில் மொத்தப் பழியும் விழுந்தது. அந்தப் பந்து வருவதற்கு முன்பே ஸ்கோர் சமமாகிவிட்டது என்பதைச் சொல்ல ஆளில்லை. 2008-இல் அவரை ஃபென்வேக்கு அழைத்து, சீசனின் முதல் பந்தை எறியச் சொன்னார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் தாமதம்.

2004-க்கு வருகிறேன். யாங்கீஸோடு அரையிறுதி மாதிரியான தொடர், நான்கு வென்றால் போதும். அவர்கள் மூன்று வென்றுவிட்டார்கள், மூன்றாவதில் 19-8. நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கல், வீசுகிறவர், ஆட்டத்தை முடித்துவைப்பதில் பேர்போன யாங்கீஸின் மரியானோ ரிவேரா. நான் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஆமாம், படுத்துவிட்டேன்! கீழ்வீட்டுக்காரர் போட்ட கூச்சலில் எழுந்து போட்டால், எங்கள் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடியிருக்கிறார். திருட்டு என்றால் பந்து வீசுகிற கணத்தில் அடுத்த பேஸுக்கு ஓடுவது. அவர் ஓடுவார் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும், அப்படியும் ஓடினார். அடுத்த அடியில் ஸ்கோர் சமன். பன்னிரண்டாவது இன்னிங்ஸில், நள்ளிரவு தாண்டி, எங்கள் டேவிட் ஆர்ட்டிஸ் ஹோம் ரன். அங்கிருந்து வரிசையாக நான்கும் வென்று, உலகத் தொடரையும் நாலுக்கு பூஜ்யம் என்று முடித்தார்கள். அந்த வாரம் கல்லறைத் தோட்டங்களில், செத்துப்போன அப்பாக்களின் தலைமாட்டில் ரெட் சாக்ஸ் தொப்பியும் கொடியும் இருந்தன. அதே ராபர்ட்ஸ் 2018 உலகத் தொடரில் எதிரணி டாட்ஜர்ஸின் மேலாளராக வந்து எங்களிடம் தோற்றார். அவர்மேல் யாருக்கும் கோபம் இல்லை.

பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாமே?
— வாசகர், தூத்துக்குடி

வலது பிளீச்சரில், 37-ஆம் வரிசை, 21-ஆம் எண். 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியில் விழுந்து ஓட்டை போட்டது. போய் உட்கார்ந்து பார்த்தேன். பேட்டர் ஒரு சோளப்பொரி அளவுக்குத்தான் தெரிகிறார்.

எனக்குப் பிடித்த வில்லியம்ஸ் கதை வேறு. 1941 கடைசி நாள். அவர் சராசரி (பேட் பிடித்த தடவைகளில் எத்தனை பங்கு அடித்து பேஸை எட்டினார் என்ற கணக்கு) .39955. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் முழுமையாக்கி .400 என்று எழுதிவிடுவார்கள். அன்று இரண்டு ஆட்டம்; இரண்டிலும் இறங்கி, எட்டுக்கு ஆறு அடித்து .406-இல் முடித்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற பெரிய லீக்கின் இரு பிரிவுகளிலும் ஒருவரும் ஒரு முழு சீசனில் .400-ஐத் தொடவில்லை. நான் தணிக்கைத் துறையில் இருந்தவன். பக்குவமாக முழுமையாக்கிய எண்களை நிறையப் பார்த்தவன். அதனால்தான் பிடிக்கிறது.

நல்லதையே சொல்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லையா?
— வழக்கறிஞர், மதுரை

இருக்கிறது. 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சனையும் இன்னும் இரண்டு கறுப்பின வீரர்களையும் இதே ஃபென்வேக்கு வரவழைத்துச் சோதித்தார்கள். பிறகு தகவலே இல்லை. இரண்டு வருஷத்தில் ராபின்சன் புரூக்ளின் அணிக்கு ஆடி, நவீன காலப் பெரிய லீக்கின் முதல் கறுப்பின வீரராகச் சரித்திரம் ஆனார். அன்று வந்தவர்களில் ஒருவரான சாம் ஜெத்ரோ, 1950-இல் அதே ஊரின் இன்னொரு அணியான பிரேவ்ஸுக்கு ஆடி, லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார். ரெட் சாக்ஸுக்கு முதல் கறுப்பின வீரர் பம்ப்ஸி கிரீன், 1959 ஜூலையில். பெரிய லீக்கின் பதினாறு அணிகளில் கடைசி அணி.

அந்தக் காலம் முழுக்க முதலாளி டாம் யாக்கி. மைதான வாசல் தெருவுக்கு அவர் பெயர் இருந்தது. 2018-இல் அணியே கேட்டு, பழைய ஜெர்சி தெரு என்று மாற்றினார்கள். ஆனால் ஸ்கோர் பலகையின் வெள்ளைக் கோடுகளை உற்றுப் பாருங்கள். மோர்ஸ் புள்ளியும் கோடுமாக அவருடைய, அவர் மனைவியுடைய முதலெழுத்துகள் இருக்கும். தெருப் பலகையைக் கழற்றுவது சுலபம்.

இந்தியர் யாராவது ஆடியிருக்கிறார்களா?
— பள்ளி மாணவி, ஈரோடு

ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்லை, வேறொருவர்), தினேஷ் படேல் என்று இரண்டு உத்தரப் பிரதேசப் பையன்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், ஒரு டிவி போட்டியில் தேர்வாகி, 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். சின்ன லீக்கோடு நின்றது. ஈரோட்டில் நீ ஈட்டி எறிகிறாயா, கண்ணு?

ஊர் திரும்பிய பிறகும் பார்க்கிறீர்களா?
— வாசகி, ஸ்ரீரங்கம்

அங்கே இரவு 7.10 ஆட்டம் நமக்கு விடிகாலை 4.40. வீட்டில் எல்லாரும் தூங்குவதால் படம் இல்லை, காதில் வானொலி வர்ணனை மட்டும். கையில் அட்டை, பென்சில். பால் வருகிற நேரம் நாலாவது இன்னிங்ஸ் ஓடும். நேற்று வாசலில் பால்காரர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், அந்த எழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கீங்க?" என்றார். உட்காரச் சொன்னேன்.