பழைய அமெரிக்க இலக்கியம்: கேட்டீங்க, சொல்றேன்

காலனி காலத்துலேர்ந்து 19ஆம் நூற்றாண்டு முடியற வரைக்கும் எது வேணா கேளுங்கன்னு சொன்னேன், கொட்டிட்டீங்க. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, எம்.ஏ.ல இந்த பேப்பர் இருக்கு. பியூரிட்டன்ஸ்னு ஆரம்பிச்சாலே தூக்கம் வருது. எங்கேர்ந்து தொடங்கலாம்?

பதில்: பியூரிட்டன்ஸ்னா இங்கிலாந்துலேர்ந்து வந்து குடியேறின, ரொம்ப கண்டிப்பான கிறிஸ்தவங்க. அவங்கள்ல ஒருத்தரான மேரி ரோலண்ட்சன்லேர்ந்து தொடங்கும்மா. மாசசூசெட்ஸ்ல லங்காஸ்டர்னு ஒரு ஊரு, 1676ல பழங்குடிகள் அதைத் தாக்கினப்போ பிடிபட்ட பாதிரியார் மனைவி இவங்க, பதினோரு வாரம் அவங்களோடயே காடு மேடெல்லாம் நடந்திருக்காங்க, அந்த அனுபவம் 1682ல புக்கா வந்துது. பக்கத்துக்குப் பக்கம் பைபிள் வசனம் வரும், பயந்து மூடி வெச்சுடாத. நடுவுல ஒரு இடம் இருக்கு. ஆங்கிலேயர்கள் கிங் பிலிப்னு கூப்பிட்ட தலைவர் மெட்டாகாம், தன் பையனுக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுக்கச் சொல்றார், தைச்சுக் குடுத்ததுக்கு ஒரு ஷில்லிங் கூலி குடுக்கறார், அந்தக் காசுல இவங்க குதிரைக்கறி வாங்கறாங்க. அப்புறம் தொப்பி தைச்சுக் குடுத்ததும் சாப்பிடக் கூப்பிட்டு, கரடிக் கொழுப்புல பொரிச்ச கோதுமை அடை ஒண்ணு தர்றார், ரெண்டு விரல் அளவுதான் இருக்குமாம், வாழ்க்கையிலேயே இவ்ளோ ருசியா சாப்பிட்டதில்லன்னு எழுதறாங்க. காட்டுமிராண்டிங்கன்னு திட்டற அதே கைதான் இதையும் எழுதுது. இந்த இழுபறி பிடிபட்டுதுன்னா மத்த பியூரிட்டன் எழுத்தும் வழிக்கு வந்துடும்.

கேள்வி: வருஷமெல்லாம் குழம்புது சிஸ்டர். டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணிடலாமா?

பதில்: போடுங்க, ஆனா வருஷத்துக்கு ரெண்டு காலம் போடுங்க. எழுதினது எப்போ, அச்சானது எப்போ. நான் திரும்பத் திரும்பச் சொல்றது இது ஒண்ணுதான். வில்லியம் ப்ராட்ஃபோர்ட் பிளிமத் காலனியோட கதையை 1630லேர்ந்து எழுதறார், ஆனா அது முழுசா அச்சானது 1856ல, கையெழுத்துப் பிரதி எங்கெங்கயோ சுத்தி லண்டன் பிஷப்போட நூலகத்துல போய் உட்கார்ந்திருந்துது. பியூரிட்டன் காலத்தைப் பத்தின ஹாதார்னோட நாவல் ஸ்கார்லெட் லெட்டர் வந்ததே 1850ல. அப்போ பிளிமத் காலனியோட முக்கியமான ஆவணம் முழுசா அச்சுலயே இல்ல, யோசிச்சுப் பாருங்க! பியூரிட்டன் கவிஞர் எட்வர்ட் டெய்லர் கதை இன்னும் மோசம். 1729ல செத்துப்போனவரோட கவிதைகளை யேல் நூலகத்துலேர்ந்து தாமஸ் ஜான்சன் கண்டெடுத்தது 1937ல. 19ஆம் நூற்றாண்டுல எழுதின எமர்சன், விட்மன், டிக்கின்சன் யாரும் அவரோட ஒரு வரி கூட படிச்சிருக்க வாய்ப்பில்ல. ஆனா டெய்லரோட தாக்கம் டிக்கின்சன்கிட்ட தெரியுதுன்னு வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் எழுதிட்டு வந்துடறாங்க, நானும் சிவப்பு மையால சுழிச்சுட்டே இருக்கேன்.

கேள்வி: கூப்பர் எத்தனை நாவல் படிக்கணும்?

பதில்: ஒண்ணு போதும், 1826ல வந்த லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ். நீளமா வர்ணனை வந்தா நானே தள்ளிட்டுப் போயிடுவேன். அதோட, மண்ணின் மக்களே எழுதினதையும் படிங்க. பீக்வாட் இனத்தைச் சேர்ந்த வில்லியம் ஏப்பஸ், 1829ல தன் சுயசரிதையைப் போட்டுட்டார். மறைஞ்சு போற இனம்னு கூப்பர் உருகி உருகி எழுதின அதே காலத்துல இவர் உசிரோட இருந்து எழுதிட்டு இருக்கார்.

கேள்வி: ஃபிலிஸ் வீட்லி அடிமையா இருந்துக்கிட்டு, ஆப்பிரிக்காவுலேர்ந்து கொண்டு வந்ததுக்கு நன்றி சொல்றாங்களே, எனக்கு கோவம்தான் வருது.

பதில்: கோவம் நியாயம்தான். ஆனா அந்தக் கவிதை மொத்தமே எட்டு வரி, முதல் நாலு வரியோட நிறுத்திட்டீங்கன்னு நினைக்கறேன். அஞ்சாவது வரியில எங்க இனத்தை ஏளனமா பார்க்கறவங்க இருக்காங்கன்னு பேச்சு திரும்புது, ஏழாவதுல கிறிஸ்தவங்களேன்னு கூப்பிட்டு, ஞாபகம் வெச்சுக்கோங்கன்னு ஒரு அதட்டல். ஏழெட்டு வயசுல, 1761ல, பாஸ்டன்ல விக்கப்பட்ட பொண்ணு. இவங்க எழுதினதுதான்னு கவர்னர் ஹட்சின்சன், ஜான் ஹேன்காக் உட்பட பாஸ்டன் பெரிய மனுஷங்க கையெழுத்து போட்ட சான்றிதழ் புக்கோட முன்னாடியே இருக்கு, அப்படியும் அச்சானது லண்டன்ல, 1773ல. அந்தக் கையெழுத்தையெல்லாம் தாண்டித்தான் ஒவ்வொரு வரியும் வெளிய வரணும். அந்த வருஷம் விடுதலை கிடைக்குது, அடுத்த வருஷமே பழங்குடி இனத்துப் பாதிரியார் சாம்சன் ஆக்கமுக்கு எழுதின லெட்டர்ல, சுதந்திரத்து மேல உள்ள ஆசையை கடவுளே மனுஷ மனசுல வெச்சிருக்கார்னு எழுதறாங்க, அடிமை வெச்சிருக்கறவங்களை, பைபிள்ல இஸ்ரவேலரை அடிமைப்படுத்தின எகிப்தியர்கள்னு சொல்றாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிச்சுட்டு அப்புறம் கோவப்படுங்க.

கேள்வி: தோரோவோட வால்டன்ல மெட்ராஸ் பேர் வருதுன்னு ஒருத்தர் சொன்னார். உருட்டா?

பதில்: உருட்டு இல்லீங்க, நிஜம். 1846-47 குளிர்காலத்துல வால்டன் குளத்துல ஐஸ் வெட்ட ஆளுங்க வர்றாங்க, அப்போ பாஸ்டன்லேர்ந்து கப்பல்ல ஐஸ் போயிட்டிருந்த காலம், நம்ம மெரினா ஐஸ் ஹவுஸ் கூட பாஸ்டன்காரர் ஃப்ரெட்ரிக் டியூடரோட ஐஸை வைக்கக் கட்டினதுதான், இப்போ விவேகானந்தர் இல்லம். காலையில கீதை படிக்கறேன், என் கிணத்துத் தண்ணியை மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா ஜனங்க குடிக்கறாங்க, வால்டன் தண்ணி கங்கையில கலக்குதுன்னு தோரோ எழுதறார். எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. அதே அத்தியாயத்துல கொஞ்சம் முன்னாடி இன்னொரு தகவல் இருக்கு: அந்த வருஷம் வெட்டிக் குவிச்ச பத்தாயிரம் டன்ல கொஞ்சம்தான் போச்சாம், மிச்சம் வெயில்லயே கிடந்து 1848 செப்டம்பர்லதான் முழுசா கரைஞ்சுதாம், குளம் தன் தண்ணியை திரும்ப வாங்கிக்கிச்சுங்கறார். நக்கல் புடிச்ச மனுஷன், சாமியார் மாதிரி படிச்சா பாதி புரியாது.

கேள்வி: ஃப்ரெட்ரிக் டக்ளஸ் முடிச்சாச்சு, அடுத்து?

பதில்: ஹேரியட் ஜேக்கப்ஸ். டக்ளஸ் மாதிரியே இவங்களும் அடிமையா இருந்து தப்பிச்சு தன் கதையை எழுதினவங்க. 1861ல லிண்டா ப்ரெண்ட்ங்கற பேர்ல வந்துது. முதலாளிகிட்டேர்ந்து தப்பிச்சு, ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், அதிகபட்சம் மூணு அடி உயரம் உள்ள பரண்ல கிட்டத்தட்ட ஏழு வருஷம், நிமிர்ந்து நிக்கக்கூட முடியாது, கீழ தன் குழந்தைங்க விளையாடறதை ஓட்டை வழியா பார்த்துக்கிட்டு. இதெல்லாம் கற்பனையா இருக்கும்னு ரொம்ப காலம் நினைச்சிருந்தாங்க, 1980கள்ல ஜீன் ஃபேகன் யெலின் பழைய லெட்டர்களைத் தோண்டி எடுத்து அவங்களே எழுதினதுன்னு நிரூபிச்சாங்க.

கேள்வி: மெல்வில்லோட மோபி டிக் நாவலை முழுசா படிச்சே ஆகணுமா? உண்மையைச் சொல்லுங்க.

பதில்: ஆமா. திமிங்கல வகைகளை அடுக்கற 32ஆவது அத்தியாயத்தை மட்டும் வேகமா ஓட்டலாம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தை விட்டுடாதீங்க, கதை சொல்றவன் மட்டும் எப்படி தப்பிச்சான்னு சொல்ற முடிவுரை அது. 1851ல லண்டன் பதிப்புல அந்த முடிவுரை விடுபட்டுப் போச்சு, கப்பல்ல எல்லாரும் செத்துட்டா கதை சொல்றது யாருன்னு அங்க விமர்சகர்கள் பிடிபிடின்னு பிடிச்சாங்க.

கேள்வி: எல்லாமே பழைய புக்ஸ் போடற ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்துல ஃப்ரீதானே, புக் வாங்கணுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம், டிக்கின்சன் மட்டும் ஜாக்கிரதை. அங்க இருக்கறது 1890கள்ல வந்த பதிப்பு, எடிட்டர்ஸ் தலைப்பு வெச்சு, டிக்கின்சன் வரிக்கு நடுவுல போட்ட சின்னக் கோடுகளையெல்லாம் (டேஷ்) எடுத்துட்டு, சந்தத்துக்காக சில வரியை மாத்தியும் இருக்காங்க. டெய்லரைக் கண்டெடுத்த அதே ஜான்சன்தான் 1955ல கையெழுத்துப் பிரதியைப் பார்த்து முழுசா போட்டார், லைப்ரரில அதைக் கேளுங்க. கைப்பட எழுதின தாளைப் பார்க்கணும்னா எமிலி டிக்கின்சன் ஆர்க்கைவ் தளத்துல ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, அது ஃப்ரீ.