மலைப்பாதையில் கால் கொப்பளிக்காமல் இருக்க எந்த சாக்ஸ்?

கேள்வி: மலையேற்றத்துக்கென்றே நல்ல பருத்தி சாக்ஸ் வாங்கினேன். 5 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் குதிகாலில் கொப்புளம். பருத்திதானே காலுக்கு நல்லது?

பதில்: அன்றாடம் போட்டுக்கொள்ள நல்லதுதான்; நெடுநேர நடைக்கு ஆகாது. பருத்தி வியர்வையை நன்றாகக் குடிக்கும், குடித்ததைச் சீக்கிரம் விடாது. ஈரத்தில் ஊறிய தோல் மெத்தென்றாகி சாக்ஸோடு ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. மேல்தோலோ சாக்ஸைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய தோலடுக்கு இழுபட்டு இழுபட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. அதுதான் கொப்புளம். மேல்தோல் தேய்வதால் வருவது சிராய்ப்பு, அது வேறு.

சாக்ஸ் வாங்கும்போது அட்டையில் இழை விவரத்தைப் படியுங்கள். மெரினோ கம்பளி (மெரினோ இனச் செம்மறியாட்டின் மென்மையான கம்பளி) பாதிக்கு மேல், மீதி பெரும்பாலும் நைலான், நீட்சிக்கு 2 முதல் 5 சதவீதம் லைக்ரா: இது நம்பகமான கலவை. மெரினோ தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததுபோல் இருக்காது. நைலான் சேராத தனிக் கம்பளி குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும். கம்பளி உறுத்தும் என்பவர்களுக்கு பாலியஸ்டர், நைலான் கலவை போதும். கம்பளி என்றாலே புழுங்கும் என்று ஒதுக்காதீர்கள், மெல்லிய மெரினோவும் உண்டு.

கேள்வி: 'ஃப்ரீ சைஸ்' வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இழை எவ்வளவு உயர்ந்ததானாலும் அளவு தவறினால் பயனில்லை. பெரிதாக இருந்தால் சுருங்கி மடிப்பு விழும். அந்த மடிப்பின் கீழேதான் முதல் கொப்புளம். சிறிதாக இருந்தால் விரல்களை நெருக்கும். போட்டுப் பாருங்கள்: சாக்ஸின் குதிப்பகுதி உங்கள் குதிகாலில் சரியாக உட்கார வேண்டும், கணுக்கால் பக்கம் ஏறி நிற்கக் கூடாது. உள்பக்கம் திருப்பி, விரல் நுனித் தையலைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் விட்டுவிடுங்கள். ஷூவின் விளிம்புக்கு மேல் சாக்ஸ் ஏறியிருப்பதும் அவசியம்.

இன்னொரு தவறு, ஏற்கெனவே கச்சிதமான ஷூவுக்குள் தடித்த சாக்ஸைத் திணிப்பது. மெத்தையாக இருக்கும் என்று நினைப்போம். இறுக்கமும் சூடும்தான் கூடும். ஷூ வாங்கும்போதே நடைக்குப் போடப்போகும் சாக்ஸோடு போய், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு பாருங்கள்.

கேள்வி: இரண்டு சாக்ஸ் போட்டால் கொப்புளம் வராதாமே?

பதில்: உள்ளே வழவழப்பான மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ், வெளியே கம்பளி என்றால் பலன் உண்டு. அசைவு இரண்டு துணிகளுக்கு நடுவில் நடந்துவிடும், தோல் தப்பிக்கும். ஒரே மாதிரி இரண்டு பருத்தி சாக்ஸ் போட்டால் ஈரமும் இறுக்கமும்தான் இரட்டிப்பாகும். விரல் இடுக்கில் மட்டும் கொப்பளிப்பவர்களுக்கு, ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை உள்ள சாக்ஸ் நல்ல தீர்வு.

கேள்வி: நடுவழியில் எரிச்சல் தொடங்கினால்?

பதில்: உடனே நில்லுங்கள். 'அடுத்த ஓய்விடத்தில் பார்க்கலாம்' என்று நடக்கும் அரை மணி நேரத்தில் சிவந்த இடம் கொப்புளமாகிவிடும். மணலைத் தட்டி, காலைத் துடைத்து நன்றாக உலரவிட்டு, சிவந்த இடத்தில் மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுப்பட்டையைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் சாக்ஸ் அதை உரித்துவிடும். பிறகு உலர்ந்த சாக்ஸுக்கு மாறுங்கள். மாற்று ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும், ஈரமானது பைக்கு வெளியே தொங்கிக் காயட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கொப்புளத்தைத் தாங்களே உடைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துவைக்கும்போது சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் போடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். அது இழைமேல் படிந்து, ஈரம் உறிஞ்சும் குணத்தைக் கெடுத்துவிடும்.