பணம் தடையில்லை என்றால் பட்டறையில் எதை நிறுத்தலாம்?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் வீட்டை ஒட்டி ஒரு சிறு பட்டறை போட்டு, நீராவி எஞ்சின் மாதிரிகளைச் செய்ய விரும்புகிறேன். செலவைப் பற்றிக் கவலையே இல்லை என்று வைத்துக்கொண்டால், எந்தெந்த இயந்திரங்களை வாங்கச் சொல்வீர்கள்? கணினியே ஐந்து அச்சுகளில் நகர்த்தி வெட்டும் ஃபைவ் ஆக்சிஸ் சிஎன்சி ஒன்றே போதும் என்கிறான் என் மகன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: என்னிடம் அந்தப் பணம் இருந்தால், முதலில் இயந்திரம் நிற்கப்போகும் அறைக்குத்தான் செலவிடுவேன். நீள அளவுகளுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும், ஏறத்தாழ 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரிவதால், 35 டிகிரி வெப்பமுள்ள கொட்டகையில் 300 மில்லிமீட்டர் தண்டு 50 மைக்ரானுக்குச் சற்று அதிகமாகவே நீண்டிருக்கும். அளக்கும் கருவியான மைக்ரோமீட்டரும் எஃகுதானே, இரண்டும் சேர்ந்து விரிந்துவிடாதா என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் கடைந்த சூட்டோடு அளந்தாலோ, எஃகைப்போல் இருமடங்கு விரியும் அலுமினியத்தில் பாகம் செய்தாலோ அந்தச் சலுகை கிடையாது. ஆகவே நல்ல ஏசி, உறுதியான கான்கிரீட் தரை, அளவெடுக்கச் சமதளமான ஒரு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட், துல்லிய அளவுக் கட்டைகளான ஸ்லிப் கேஜ் ஒரு பெட்டி ஆகியவை முதலில் வரட்டும்.

உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தில் என் தேர்வு, அமெரிக்காவின் எல்மைரா நகரத்து ஹார்டிஞ்ச் எச்எல்வி-எச். சுவிட்சர்லாந்தின் ஷோப்லின் 102 அதற்குச் சளைத்ததல்ல என்றாலும், அதன் எளிய வகைகளில் மரை வெட்டும்போது கருவியைச் சீராக நகர்த்தும் லீட் ஸ்க்ரூ என்ற நீண்ட திருகு இருப்பதில்லை. எஞ்சின் மாதிரி செய்பவருக்கோ மரை வெட்டாமல் ஒரு நாளும் நகராது. ஹார்டிஞ்சில், பாகத்தை இறுகப் பிடிக்கும் 5சி காலெட், இடையில் எந்த அடாப்டரும் இல்லாமல் நேரே ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டுக்குள் அமர்கிறது. வேகத்தை நிமிடத்துக்கு 125 முதல் 3000 சுற்று வரை, கியர் மாற்றாமலே, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வெட்டுக் கருவியைத் தாங்கும் கேரேஜை நகர்த்தத் தனி மோட்டார் உண்டு என்பதால், ஸ்பிண்டில் வேகம் எதுவானாலும், கருவி முன்னேறும் வேகமான ஃபீடைத் தனியே கூட்டிக் குறைத்துக்கொள்ள முடியும்.

சுழலும் கருவியால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங்குக்கு ஜெர்மனியின் மியூனிக்கில் பிறந்த டெக்கல் எஃப்பி1. கிடைமட்ட ஸ்பிண்டில், நிமிர்ந்த தலை இரண்டையும் ஒரே உடலில் கொண்ட இந்த இயந்திரத்தில் சாய்க்கக்கூடிய மேசையைப் பொருத்திவிட்டால், சிலிண்டர் தலையின் கோணத் துளைகளுக்கு வேறு பிடிமானம் தேட வேண்டியதில்லை. மூன்றாவதாக, பரப்பைச் சமதளமாகத் தேய்க்கும் ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர். துளைகளை மிகத் துல்லியமான இடத்தில் போடும் ஜெனீவாவின் எஸ்ஐபி ஜிக் போரரும் என் ஆசைப் பட்டியலில் உண்டு. ஆனால் இடம் போதாவிட்டால் முதலில் வெளியேறுவது அதுதான்.

மகன் சொல்லும் சிஎன்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே பாகத்தை நூறு முறை செய்பவருக்கு அது வரம். நீங்கள் செய்யப்போவதோ ஒரு சிலிண்டர், ஒரு கிராங்க், ஒரு ஃபிளைவீல். ஒவ்வொன்றுக்கும் கணினி வரைபடமும் புரோகிராமும் எழுதி முடிப்பதற்குள் கைப்பிடியைச் சுழற்றியே வேலையை முடித்துவிடலாம். இந்தக் கணக்கில் பணத்துக்குப் பங்கே இல்லை.

நான் சொன்ன லேத்தும் மில்லிங்கும் பெரும்பாலும் பழையதாகவே கிடைக்கும். அதனால் வாங்கும் விலையைப்போல் இன்னொரு பங்கைப் பழுதுபார்க்கவும் ஒதுக்குங்கள். த்ரீ ஃபேஸ் இணைப்புக்கு முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள். அமெரிக்க லேத்தின் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குக் கட்டப்பட்டது என்றால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். மின்னழுத்தமும் வேறாக இருக்கலாம். மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, நல்ல எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.