ரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. செல்போன் படத்தைப் பார்த்து அழகாக வரைகிறாள். எதிரே இருக்கும் பொருளை வரையச் சொன்னால் அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

ஓவிய ஆசிரியர் பதில்: முதலில் அந்த ரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள், அம்மா. என் வகுப்பில் முதல் மாதம் யாருக்கும் ரப்பர் கிடையாது. ஒரு 4பி பென்சில் (மென்மையாக, கருப்பாகக் கோடு விழும் வகை), பழைய நோட்டு, அவ்வளவுதான். தப்பான கோடு அப்படியே இருக்கட்டும். பக்கத்திலேயே இன்னொரு கோடு போடட்டும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் எங்கே தவறியது என்று பிடிபடும்.

செல்போன் படம் சுலபமாக வருவதற்குக் காரணம், கன அளவுள்ள பொருளை யாரோ ஏற்கெனவே தாள்போலத் தட்டையாக்கித் தந்துவிட்டார்கள்.

அப்புறம், வீட்டு முக்காலியை எதிரே வையுங்கள். முக்காலியை வரையச் சொல்லாதீர்கள். கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். 'முக்காலி இப்படித்தான்' என்று மனசில் பதிந்த படம் அப்போது குறுக்கே வராது. இந்தப் பயிற்சியில் முகம் மலராத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். சோழர் வெண்கலச் சிலைகளில் இடுப்புக்கும் வளைந்த கைக்கும் நடுவே எவ்வளவு வெற்றிடம்! நோட்டை மறக்காதீர்கள்.